இருபத்தாறாம் தெருவில் கடைகள் திறந்திருந்தன

1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 739 என்ற எண்ணில்தான் தொடங்குவார்கள். அந்த ஒரு வாரத்தில் வழக்கமான சாவுக் கணக்குக்கு மேல் கூடுதலாக இறந்தவர்கள் அத்தனை பேர். என் மண்டையைக் குடைவது வேறு இரண்டு சின்ன எண்கள். நார்த் லான்டேல் என்ற பகுதியில் வெயிலுக்குப் பலியானவர்கள் 19 பேர். அதற்குத் தெற்கே ஒட்டியே இருக்கும் சவுத் லான்டேலில் 3 பேர். ஜனத்தொகையையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் தெற்கில்தான் ஆட்கள் அதிகம். லட்சத்துக்கு 40 பேர் ஒரு பக்கம், 4 பேர்கூட இல்லை மறுபக்கம்.

ஒரே வெயில், ஒரே மாநகராட்சி, ஒரே மின்சாரக் கம்பெனி. இரண்டிலும் ஏழைகள் நிறைய. தனியாக வாழும் முதியவர்களின் பங்கும், வறுமையில் இருக்கும் முதியவர்களின் பங்கும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எப்படிப் பத்து மடங்கு?

இதைத் துருவிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் எரிக் கிளைனன்பெர்க். சிகாகோக்காரர், சமூகவியலாளர். இரண்டு பகுதிகளிலும் தெருத்தெருவாக அலைந்து, ஆட்களிடம் பேசி, அரசு ஆவணங்களைப் புரட்டி, 2002-இல் தன் ஆய்வை வெளியிட்டார். அவருடைய விடையை ஒரு வரியில் சொன்னால் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்: தெற்கே உயிருள்ள கடைத்தெரு இருந்தது, வடக்கே அது செத்துப்போயிருந்தது.

உள்ளூர்க் கடைகள் மக்களை எப்படி இணைக்கலாம், மனநலத்துக்கு எப்படி உதவலாம் என்று யாராவது கேட்டால் உடனே ஆளுக்கொரு திட்டம் சொல்வார்கள். மாதம் ஒரு கூட்டம், சுவரில் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ போஸ்டர், ஞாயிற்றுக்கிழமை யோகா. அதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிகாகோ கதையைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு கடை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஒரு மனிதர் தினமும் வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணமாக இருப்பது. அந்த உதவியைச் செய்கிறோம் என்று கடைக்காரருக்கே தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வாரம் நடந்தது

ஜூலை 13 அன்று மிட்வே விமான நிலையத்தில் 106 ஃபாரன்ஹீட், அதாவது 41 டிகிரி செல்சியஸ். வேலூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று கேட்கலாம். ஆனால் காற்றில் ஈரம் அப்பிக்கிடந்ததால் உடம்பு உணர்ந்த சூடு 50 டிகிரியைத் தாண்டியது, ராத்திரியிலும் இறங்கவில்லை. அந்த ஊர்ச் செங்கல் கட்டடங்கள் குளிர்காலத்துக்காகக் கட்டியவை, உள்ளே போன சூட்டை வெளியே விடாது. மாடி அறைகள் அடுப்பாகின. ஆயிரக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. மக்கள் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு நனைந்தார்கள், அதனால் சில பகுதிகளில் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அவசரப் பிரிவில் இனி இடமில்லை என்று ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பின.

பிணவறையில் இடம் போதாமல் வாசலில் குளிர்பதன லாரிகளை வரிசையாக நிறுத்தி அதில் உடல்களை வைத்தார்கள். மாவட்டத் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி எட்மண்ட் டானஹியூ எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல, மேயர் ரிச்சர்ட் டேலி அதை நம்ப மறுத்தார். வெயில் கடுமைதான், ஆனால் ஊதிப் பெரிதாக்க வேண்டாம் என்பது அவர் தரப்பு. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் டானஹியூ பக்கம்தான் நின்றன. சொல்லப்போனால் அவர் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருந்தார்.

அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையத்திலிருந்து ஒரு குழு வந்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் அதே பகுதியில், ஏறக்குறைய அதே வயதில் உயிரோடிருக்கும் ஒருவரைத் தேடி எடுத்து, 300-க்கும் மேற்பட்ட ஜோடிகளை ஒப்பிட்டார்கள். 1996-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எதிர்பார்த்தவை எல்லாம் இருந்தன. படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம், வீட்டில் ஏசி இருந்தவர்களுக்குக் குறைவு. கூடவே இன்னொன்றும் இருந்தது. தனியாக வாழ்ந்தவர்களும், தினமும் வெளியே போகும் பழக்கம் இல்லாதவர்களும் அதிகம் இறந்திருந்தார்கள். சங்கம், கோயில், நண்பர் வட்டம் என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் தப்பித்திருந்தார்கள்.

தினமும் வெளியே போகும் பழக்கம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளைனன்பெர்க்கின் கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. வெளியே போகிறவர் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே, அது எங்கே இருக்கிறது?

வடக்கில் 99 மதுக்கடைகள்

நார்த் லான்டேல் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1960 வாக்கில் அங்கே ஒன்றேகால் லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் தொழிற்சாலை, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், சியர்ஸ் நிறுவனத்தின் தலைமையகம். சம்பளம் வாங்கி வருகிறவர்கள் செலவழிக்க ரூஸ்வெல்ட் சாலை நெடுகக் கடைகள். 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் வீட்டுவசதிப் போராட்டம் நடத்தியபோது இந்தப் பகுதியில்தான் ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். 1968 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் வெடித்த கலவரத்தில் கடைகள் எரிந்தன. எரிந்த கடைகளில் பல திரும்பக் கட்டப்படவே இல்லை. அந்த நேரத்திலேயே ஹார்வெஸ்டர் மூடியது, 70-களின் தொடக்கத்தில் சியர்ஸ் தலைமையகம் நகர மையத்தில் கட்டிய உயரமான கோபுரத்துக்குப் போய்விட்டது, 80-களில் ஹாதார்னும் போனது. 1990 கணக்கெடுப்பில் மிஞ்சியிருந்த மக்கள் சுமார் 47,000.

சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 80-களின் நடுவில் இந்தப் பகுதியில் என்ன கடைகள் இருந்தன என்று ஒரு பட்டியலை எடுத்துக்காட்டினார். அப்போது அங்கே 66,000 சொச்சம் பேர். அவர்களுக்கு ஒரு வங்கி, ஒரு சூப்பர் மார்க்கெட். லாட்டரி விற்கும் முகவர்கள் 48, செக் மாற்றித் தரும் கடைகள் 50, உரிமம் பெற்ற மதுக்கடைகளும் பார்களும் 99.

இந்தப் பட்டியலை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஏனென்றால் ‘உள்ளூர் வியாபாரம் சமூகத்தை இணைக்கும்’ என்று சும்மா பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு இது பெரிய இடைஞ்சல். 99 மதுக்கடையும் உள்ளூர் வியாபாரம்தான். எழுபத்தைந்து வயதுப் பாட்டி அங்கே எதற்குப் போவார்? போக வேண்டிய கடை போகக்கூடிய தூரத்தில் இல்லை. இருக்கும் கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பார், இடுக்கு வழியாகக் காசு போகும், பொருள் வரும். வழியில் காலி மனைகளும் பூட்டிய கட்டடங்களும். தெருமுனையில் போதைப்பொருள் வியாபாரம். அங்கே முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கப் பழகியது பயத்தினால், அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. வருடம் முழுக்க உயிரைக் காப்பாற்றிய அதே பழக்கம் ஜூலையில் நான்கு நாளில் ஆளைக் கொன்றது.

தெற்கே வாருங்கள். சவுத் லான்டேலை ஊர்க்காரர்கள் லிட்டில் வில்லேஜ் என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த இடம். அதன் நடுநாடி மேற்கு 26-ஆம் தெரு. நுழைவாயிலில் ஸ்பானிஷில் வரவேற்கும் வளைவு, அதைத் தாண்டினால் பேக்கரி, டாக்கோ கடை, இறைச்சிக் கடை, பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாளுக்குப் பாவாடை விரித்த கவுன் தைக்கும் கடை, நடைபாதையில் சோளக்கதிரும் பழ ஐஸும் விற்கும் தள்ளுவண்டிகள். வீடுகள் நெருக்கமாக, ஆள் நடமாட்டம் எந்நேரமும். வெயில் வாட்டிய நாட்களில் அங்கிருந்த முதியவர்கள் வழக்கம்போல் கடைக்குப் போனார்கள், கடையில் ஏசி ஓடியது, கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. எந்தக் கடையிலும் யாரும் ‘முதியோர் நலத் திட்டம்’ என்று பலகை மாட்டவில்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வெளியே வருகிறவர் வராமல் போனால் தெரியும். ரொட்டி வாங்க வரும் கிழவர் இரண்டு நாள் காணவில்லை என்றால் பேக்கரிக்காரி யாரிடமாவது கேட்பார். நம் தெரு அண்ணாச்சி கடையில் நடப்பதும் இதேதான்: ‘என்ன, உங்க மாமனாரை ரெண்டு நாளா காணோம், பால் பாக்கெட் அப்படியே இருக்கு’ என்று கேட்பவர் உளவியல் படித்தவர் இல்லை, பால் மிஞ்சிப்போனால் கெட்டுவிடும் என்பதும் அவர் கவலைதான். அந்தச் சுயநலம் கலந்த விசாரிப்பில்தான் பாதி ஊர் ஓடுகிறது.

கலாசாரம்தான் காரணம் என்றால்?

உடனே வரும் மறுப்பு இது: மெக்சிகோக்காரர்கள் குடும்பப் பாசம் உள்ளவர்கள், தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொள்வார்கள், அதனால்தான் இறக்கவில்லை, கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த வருடம் நகரம் முழுவதிலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு, ஆனால் வெயில் சாவுகளில் அவர்கள் பங்கு வெறும் 2 சதவீதம். ஆகவே மறுப்பைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. முதலாவது, லிட்டில் வில்லேஜில் அப்போது தனியாக வாழ்ந்த முதியவர்களில் பலர் மெக்சிகோக்காரர்களே இல்லை. முன்காலத்தில் அங்கே குடியிருந்த செக், போலந்து வம்சாவளி வெள்ளையர்கள். பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்டார்கள், இவர்கள் மட்டும் பழைய வீட்டில் தங்கிவிட்டார்கள். தெருவில் பேசும் ஸ்பானிஷ்கூட இவர்களுக்குப் புரியாது. இருந்தும் தப்பித்தார்கள். இவர்களைக் காப்பாற்றியது மெக்சிகோ குடும்பப் பாசமாக இருக்க முடியாது.

இரண்டாவது, ஆபர்ன் கிரெஷம். சிகாகோவின் தெற்குப் பக்கம், கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பின மக்கள், ஏழைப் பகுதி. அங்கே சாவு விகிதம் லட்சத்துக்கு 3. அருகிலுள்ள எங்கிள்வுட், அதுவும் கறுப்பினப் பகுதி, அதுவும் ஏழைப் பகுதி, அங்கே 33. எங்கிள்வுட் 1960-க்கும் 1990-க்கும் இடையே பாதி மக்களையும் பெரும்பாலான கடைகளையும் இழந்திருந்தது. ஆபர்ன் கிரெஷமில் ஆட்களும் இருந்தார்கள், நடைபாதையும் கடைகளும் உணவகங்களும் தேவாலயக் குழுக்களும் இருந்தன.

சரி, எல்லோரும் இதை ஒத்துக்கொண்டார்களா? இல்லை. மிட்செல் டூனியர் என்ற இன்னொரு சமூகவியலாளர் கடுமையாக மறுத்தார். ஒரு பகுதியின் சராசரியை வைத்துக்கொண்டு அங்கே செத்த தனிமனிதர் ஏன் செத்தார் என்று சொல்ல முடியாது, செத்தவர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன். 19-க்கும் 3-க்கும் இடையிலான வித்தியாசம் பெரிதுதான், ஆனால் 19 பேர் என்பது சின்னக் கூட்டம். அப்புறம் 2006-இல் கிறிஸ்டோபர் பிரவுனிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் நகரத்தின் பல பகுதிகளையும் வைத்து எண்களில் சோதித்தார்கள். கடைகள் அழிந்துபோன பகுதிகளில் வெயில் சாவு கூடியிருந்தது என்பது அதிலும் வந்தது. இன்னும் விசேஷம் என்னவென்றால், அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் எவ்வளவு பழகுகிறார்கள் என்பதைவிட, கடைத்தெருவின் நிலைமைதான் அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. பாசமுள்ள அண்டைவீட்டார் இருந்தும் போக ஒரு கடை இல்லையென்றால் போதாது போலிருக்கிறது.

இதற்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்

வெயில் ஒரு சோதனை மட்டும்தான். தனித்துப்போவது வருடம் முழுக்க வேலை செய்கிறது, சத்தமில்லாமல். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார், அதோடு தொடர்புள்ள சாவுகள் ஆண்டுக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். மனச்சோர்வு, பதற்றம், மறதி நோய், இதய நோய் எல்லாவற்றோடும் அதற்கு உறவிருக்கிறது.

நெருங்கிய உறவுகள் இருந்தால் போதும், கடைக்காரரிடம் ‘என்ன வெயில்’ என்று சொல்வதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைப்போம். மார்க் கிரானவெட்டர் 1973-லேயே லேசான பழக்கங்களுக்குத் தனிப் பலம் உண்டு என்று எழுதினார், ஆனால் அவர் பேசியது வேலை வாய்ப்பையும் தகவல் பரவுவதையும் பற்றி. மனநிலையைச் சோதித்தவர்கள் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும். 2014-இல் வந்த அவர்களுடைய ஆய்வு எளிமையானது. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைக்குள் போகிறவர்களில் பாதிப் பேரிடம், சில்லறையைத் தயாராக வைத்து, தேவையில்லாத பேச்சு பேசாமல், சட்டென்று வாங்கிவிட்டு வாருங்கள் என்றார்கள். மீதிப் பேரிடம், காப்பி தருகிறவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்றார்கள். பேசிவிட்டு வந்தவர்களின் மனநிலை நன்றாக இருந்தது, நாமும் இந்த ஊரில் ஓர் ஆள் என்ற உணர்வும் கூடியிருந்தது. சின்ன ஆய்வு, ஒரு காப்பி நேரத்துப் பலன், அதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிவிடக் கூடாது. ஆனால் வேகமாக முடிப்பதுதான் வாடிக்கையாளருக்கு நல்லது என்று கடைகள் எல்லாம் சத்தியம் செய்துகொண்டிருக்கும் காலத்தில் அது ஒரு நல்ல இடி.

வேகத்தை விற்ற கடை வேகத்தைக் குறைத்தபோது

இந்த இடத்தில்தான் நெதர்லாந்தின் ஜம்போ வருகிறது. அந்த நாட்டின் இரண்டாவது பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலி, வான் ஈர்ட் குடும்பத்துக்குச் சொந்தம். வாடிக்கையாளருக்கு ஏழு வாக்குறுதிகள் தந்து பேர் வாங்கியவர்கள், அதில் ஒன்று வரிசையைப் பற்றியது: எல்லாக் கவுண்டரும் திறக்காத நேரத்தில் நீங்கள் வரிசையில் நான்காவது ஆளாக நின்றால் உங்கள் சாமான் இலவசம் என்றார்கள். அதாவது, உங்களை நிற்க வைப்பதே எங்கள் குற்றம்.

அதே கடை 2019 கோடையில் பிராபன்ட் மாகாணத்தின் ஃப்ளைமன் என்ற சின்ன ஊரில் ஓர் அரட்டைக் கவுண்டரைத் திறந்தது. அவசரம் இல்லாதவர்கள் இதில் நிற்கலாம், பில் போடுகிறவர் பேசிக்கொண்டே மெதுவாகப் போடுவார், பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடமாட்டார், ஏனென்றால் அவரும் பேசத்தான் நிற்கிறார். நாட்டில் அப்போது எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் 13 லட்சம் பேர், அதில் மூன்றில் ஒருவர் ஓரளவாவது தனிமையை உணர்கிறேன் என்று அரசுப் புள்ளிவிவரத் துறையிடம் சொல்லியிருந்தார்கள். 2018-இல் அரசே தனிமைக்கு எதிரான ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது, ஜம்போ அதில் ஒரு பங்காளி. ஃப்ளைமனில் எடுபட்டதும் 2021-இல் 200 கடைகளுக்கு இதைக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். தனிமை அதிகம் உள்ள பகுதிகளாகப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் கவுண்டரில் உட்காருகிறவர்கள் விரும்பி வந்தவர்கள். சில கடைகளில் காப்பி குடிக்க ஒரு மூலையும் ஒதுக்கினார்கள், அங்கே உள்ளூர்த் தன்னார்வலர்கள் வந்து உட்காருவார்கள். பிரான்சில் கார்ஃபூர் கடைகளும் இதே மாதிரிக் கவுண்டர்களைத் திறந்தன.

இது விளம்பரம்தானே என்று கேட்டால், விளம்பரமும்தான். தானே பில் போட்டுக்கொள்ளும் மெஷின்களை வரிசையாக வைத்துவிட்டு ஓரத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்துப் படம் எடுத்துப் போடுவதில் ஒரு கிண்டல் இருக்கத்தான் செய்கிறது. முன்பு எல்லாக் கவுண்டரிலும் இலவசமாகக் கிடைத்த பேச்சுக்கு இப்போது தனி வரிசை. ஆனால் அதை வைத்து அடித்துத் தள்ளவும் எனக்கு மனமில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: ‘தனிமையானவர்கள் இங்கே வரவும்’ என்று எழுதியிருந்தால் ஒருத்தர் வரமாட்டார். கையில் ஒரு பால் டப்பாவும் பிஸ்கட்டும் இருப்பதால் மானம் போகாமல் நிற்க முடிகிறது. நான் சாமான் வாங்க வந்தேன், அவ்வளவுதான். சிகாகோவின் 26-ஆம் தெருவில் தன்பாட்டுக்கு நடந்தது இதே வேலைதான்.

இது எவ்வளவு தூரம் போகும்? தினசரிப் பேச்சு இல்லாமல் வாடுகிறவருக்கு உதவும். மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழ முடியாதவர் அந்த வரிசைக்கே வரமாட்டார், ஆக, யாருக்கு மிகவும் தேவையோ அவரை இது தொடாது. இந்த ஓட்டையை மூட இங்கிலாந்தின் டார்கீ ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் டாம் சாப்மன் 2015-இல் வேறொரு வழியில் இறங்கினார். நண்பர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதற்குச் சில நாள் முன்புதான் அவரிடம் பேசியிருந்தார், ஒன்றும் தெரியவில்லை. முடி வெட்டுகிறவர்களுக்கு நான்கு விஷயம் சொல்லித்தரும் அமைப்பை ஆரம்பித்தார்: அறிகுறியைக் கவனி, நேராகக் கேள், காது கொடு, உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டு. நாற்காலியில் அரை மணி உட்காரும் ஆண், எதிரில் கண்ணாடி, முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசலாம் என்பது அந்த இடத்தின் வசதி. நான்காவது விஷயம்தான் இதில் முக்கியம். முடி வெட்டுகிறவரை மருத்துவராக்கக் கூடாது. அவருக்கே ராத்திரி தூக்கம் போய்விடும்.

கடையில் வேலை செய்கிறவர்களின் தனிமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது தனிக் கோபம். ஸ்வீடனில் அப்போடெக் யார்டட் என்ற மருந்துக்கடைச் சங்கிலி 2025-இல் 11 ஊழியர்களோடு ஒரு சோதனை நடத்தியது. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம், சம்பளத்தோடு, வேலை நேரத்திலேயே நண்பருக்குப் போன் பேசலாம், சந்திப்பைத் திட்டமிடலாம். அதோடு வருடத்துக்கு 1,000 குரோனர் நண்பர்களோடு செலவழிக்க. பதினோரு பேர் என்பது ஒன்றுமில்லை, ஆனால் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசச் சொல்கிற முதலாளி அப்படிச் சிரிக்கிறவருக்கு எத்தனை நிமிடம் தருகிறார் என்று கேட்க இது நல்ல சாக்கு.

கடை வைத்திருப்பவருக்கு

நீங்கள் ஒரு கடை நடத்துகிறீர்கள், ஏதாவது செய்ய ஆசை என்றால், போஸ்டரை விட்டுவிட்டு முதலில் வாசலைப் பாருங்கள். கைத்தடியோடு ஒருவர் படி ஏற முடியுமா, வெயிலில் வந்தவர் உட்கார ஓர் இடம் இருக்கிறதா, உட்கார்ந்தால் எழுப்பிவிடாமல் இருப்பீர்களா? அப்புறம், கூட்டம் இல்லாத நேரம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். மதியம் மூன்று மணிக்கு வருகிற ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் பேசுவதால் வியாபாரம் கெடாது, மாலை ஏழு மணிக்குக் கெடும். எல்லா நேரமும் எல்லோரிடமும் அன்பாக இருங்கள் என்று சொல்வது கடை நடத்தாதவர்கள் தரும் அறிவுரை. தினமும் வருகிறவர் வராமல் போனால் யாரிடம் கேட்பது என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போன் நம்பர் போதும்.

கடை வைக்காதவர்களுக்குப் பெரிய வேலை இல்லை, நடந்துபோய் வாங்குவதுதான். பத்து நிமிடத்தில் கருவேப்பிலை வீட்டுக்கு வருகிற ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், நானும் மழை நாளில் ஆர்டர் போடுகிறவன்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சேமிப்பது எதை என்ற கணக்கு வயதான பிறகுதான் புரியும்.

உண்மையான வேலை நகராட்சிகளுடையது, அங்கேதான் யாரும் பேசுவதில்லை. நடைபாதை, தெருவிளக்கு, சின்னக் கடைக்குத் தாங்கக்கூடிய வாடகை, தள்ளுவண்டிக்காரரை விரட்டாமல் விடுவது, இவை எதுவும் மனநலத் துறையின் பட்ஜெட்டில் வராது. சிகாகோ 1995-க்குப் பிறகு பாடம் படித்தது உண்மை. 1999-இல் மறுபடி வெயில் அடித்தபோது மக்கள் வந்து இருக்க ஏசி போட்ட பொது இடங்களைத் திறந்து, அங்கே போக இலவசப் பேருந்து விட்டு, தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் போன் போட்டு, வீடு வீடாகப் போலீசை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். சாவு 110 அளவில் நின்றது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அது ஒரு வாரத்துக்கான ஏற்பாடு. நார்த் லான்டேலில் மீதி ஐம்பத்தோரு வாரமும் கடைக்குப் போக ஒரு தெரு வேண்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

லிட்டில் வில்லேஜின் நிலைமையும் இப்போது மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு சிகாகோவில் குடியேற்றச் சோதனைகளைத் தீவிரப்படுத்தியபோது அதிகம் அடிவாங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 26-ஆம் தெருவில் வியாபாரம் படுத்தது, மக்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முப்பது வருடம் முன்பு வடக்கே இருந்தவர்களை வீட்டுக்குள் அடைத்தது தெருமுனைப் பயம், இப்போது தெற்கே அடைத்தது அரசாங்கப் பயம். நகரத்தின் சைக்கிள் குழுக்கள் ஒரு வழி கண்டுபிடித்தன: காலையிலேயே தள்ளுவண்டிக்காரர்களிடம் போய் மொத்தச் சரக்கையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, அவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாங்கிய தமாலே என்ற சோளமாவுப் பலகாரத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். விற்றவருக்கு அன்றைய கூலி கிடைத்தது, பிடிபடாமல் வீடு சேர்ந்தார். பதினொரு மணிக்குச் சோளக்கதிர் வாங்க இறங்கி வரும் கிழவருக்கு மட்டும் அன்று தெருவில் வண்டி இருக்காது.